பெத்லகேம் கலங்கரை விளக்கம்

“பெத்லகேமுக்குக் கடல் எங்கடி இருக்கு?”

“மைசூருக்கும்தான் இல்ல. அதுக்கு என்ன இப்ப?”

“குடில்ல மாடு வைப்பாங்க, ஆடு வைப்பாங்க. போன வருஷம் அப்பா டிராஃபிக் போலீஸ் வெச்சாரு, அதையும் பொறுத்துக்கிட்டேன். கலங்கரை விளக்கம் யாராவது வைப்பாங்களா?”

“மூணு ராஜாக்கள் ராத்திரியில வழி தேடித்தானே வந்தாங்க? வழி தெரியாதவங்களுக்குத்தான் கலங்கரை விளக்கம்.”

“அவங்களுக்குத்தான் நட்சத்திரம் இருந்துச்சே.”

“மேகம் மூடிட்டா?”

 மேகம் மூடினால் என்ன செய்வது என்று மத்தேயு தன் நற்செய்தியில் எழுதிவைக்கவில்லை. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிற தங்கை ஷாரன், காய்ச்சல் கண்டவளைப் பார்ப்பதுபோல் அக்காவைப் பார்த்தாள். அக்கா செலினுக்கு இருபத்துமூன்று வயது. மின்விசிறி வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துக் கோபுரமாக ஒட்டி, அதற்குச் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிக்கொண்டிருந்தாள்.

மைசூரில் பன்னிமண்டபத்துப் பக்கம் அவர்கள் தெருவில் இருபது கிறிஸ்தவ வீடுகள். வருஷா வருஷம் பங்குக் கோயிலில் குடில் போட்டி உண்டு. அப்பா மரியராஜ் மூன்று வருஷமாகக் கலந்துகொண்டு மூன்று முறையும் ஆறுதல் பரிசு வாங்கியிருந்தார். ஒரே அளவில் மூன்று எவர்சில்வர் டப்பாக்கள். ‘ஆறுதல் பரிசு’ என்று பொறித்த பக்கம் சுவரைப் பார்க்கும்படி அவற்றை அலமாரியில் திருப்பி வைத்திருந்தார். இந்த வருஷம் குடில் பொறுப்பைப் பெரிய மகளிடம் விட்டுவிட்டார். தோற்றால் பழி போட ஒரு ஆள் வேண்டுமே.

“சரி, கோபுரம் அட்டை. உச்சியில நிக்கிற அந்தக் கண்ணாடி எங்கேர்ந்து வந்துச்சு?” என்றாள் ஷாரன்.

செலின் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

“ஆஃபீஸ்லேர்ந்து.”

“குடுத்தாங்களா?”

“கேட்டாத்தானே குடுக்கிறதுக்கு.”

ஷாரன் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மைசூர் ஓரத்தில் ஹெப்பாளில் ஒரு பம்பு தொழிற்சாலையின் பயிற்சிப் பிரிவில் செலின் டைப்பிஸ்ட். தற்காலிகம்தான். இரண்டு வருஷத் தற்காலிகம் முடிந்து, நிரந்தர உத்தரவுக்கான ஃபைல் பயிற்சி அதிகாரி முரளிதரனின் மேசையில் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டால் ஜனவரியிலிருந்து நிரந்தரம். போடாவிட்டால் ஜனவரியிலிருந்து வீடு. முரளிதரன் நல்ல மனிதர். அவருக்கு உலகத்தில் இரண்டு பேர்மேல் உயிர்: ஒருத்தி மனைவி சொர்ணலதா, இன்னொன்று பயிற்சி ஹாலில் இருந்த ஓவர்ஹெட் புரொஜெக்டர். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளில் கலர் பேனாவால் எழுதி, அதன் மேல் வைத்து, விளக்கைப் போட்டு, எதிர்ச்சுவரில் பெரிதாகக் காட்டினால்தான் எதுவுமே உண்மை என்பது அவர் கொள்கை. ஒருமுறை செலினின் லீவு விண்ணப்பத்தையே தாளில் எழுதி வாங்கித் திரையில் காட்டிப் படித்துவிட்டுத்தான் ஒப்புதல் கொடுத்தார்.

அந்த மெஷினுக்குள் நவம்பரில் எறும்பு புகுந்தது. துடைக்கும் வேலை செலினுக்கு வந்தது. மேலே இருந்த கண்ணாடிப் பலகையைத் தூக்கினாள். அடியில் ஒரு சதுரத் தகடு. பார்க்கப் பிளாஸ்டிக், கனமே இல்லை. ஆனால் அதில் நடுவிலிருந்து ஓரம்வரை, கிராமபோன் தட்டில் இருப்பதுபோல, வட்டத்துக்குள் வட்டமாக நூற்றுக்கணக்கான கோடுகள். நகத்தால் தடவினால் ‘ஜிர்’ என்றது. செலின் மறுபடி தடவினாள். இந்த வட்டங்களை அவளுக்குத் தெரியும்.

நடைபாதைக் கடையில் அவள் வாங்கிய, அட்டை கிழிந்த ஒரு மொழிபெயர்ப்பு நாவலில் இந்த வட்டங்கள் இருந்தன. பிரான்ஸ் நாட்டுக் கரையில் ஒரு பாறை, பாறைமேல் விளக்கு, விளக்கில் வட்டம் வட்டமாக வெட்டிய கண்ணாடி, அதைக் காவல் காக்கும் ஒரு தம்பதி. கடைசியில் இருபது பக்கத்துக்கு, அந்தக் கண்ணாடி எப்படி வந்தது என்று மொழிபெயர்ப்பாளர் குறிப்பு வேறு. கடலையே நேரில் பார்த்திராத செலின், மூன்று மாதமாகக் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் அந்தப் பாறைக்குப் போய்விடுவாள். ஹெப்பாள் வந்ததும் டிரைவர் ஹாரன் அடித்து அவளைக் கரைசேர்ப்பார். பாறைமேல் இருந்த பொருள் எறும்பு மொய்த்துக்கொண்டு தன் ஆஃபீஸிலேயே இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

ஹாலில் அடுத்த வகுப்பு ஜனவரி இரண்டாம் தேதி பத்து மணிக்குத்தான். டிசம்பர் இருபத்துமூன்றாம் தேதி மாலை, பங்குக் காலண்டர் இரண்டுக்கு நடுவில் தகட்டை வைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, புரொஜெக்டர்மேல் உறையைப் போர்த்திவிட்டு, பஸ் ஏறிவிட்டாள்.

“இது இல்லாம அந்த மெஷின்ல படம் விழாது. ரெண்டாம் தேதி காலையில எட்டரைக்கு உள்ள வெச்சிடுவேன். ஒரு ஆளுக்கும் தெரியாது” என்றாள் செலின்.

“தெரிஞ்சா?”

“தெரிஞ்சா டைப் அடிக்க வேற இடம் பார்க்கணும்” என்றவள், ஒரு பட்டையைக் கோணலாகத் தீட்டிவிட்டாள்.

குடில் தயாரானது. கிழக்கு ஜன்னலை ஒட்டிக் கலங்கரை விளக்கம். அதன் உச்சியில், தெருவைப் பார்த்தபடி, கண்ணாடித் தகடு. அதற்கு ஒரு அடி பின்னால் ஒரு நூறு வாட்ஸ் பல்பு. பல்புக்குச் சற்றுக் கீழே, பழுப்புக் காகிதத்தைக் கசக்கிச் செய்த மலை. மலையடியில் வைக்கோல் வேய்ந்த மாட்டுக்கொட்டில், மாதா, சூசையப்பர், குழந்தை, ஆடுகள். டிராஃபிக் போலீஸ் இல்லை.

இருபத்துநான்காம் தேதி மாலை செலின் பல்பைப் போட்டாள். சாதாரணப் பல்பின் வெளிச்சம் நாலாபக்கமும் தெறித்துப் போகும். இது போகவில்லை. வட்டங்கள் அதை வாரிச் சேர்த்து, ஒரே கற்றையாகக் கட்டி, தெருவைத் தாண்டி எதிர்வீட்டு மாடியில் கொண்டுபோய்ப் போட்டன. எதிர்வீட்டுக் கன்னடக்கார கௌரம்மா துணி எடுக்க மாடிக்கு வந்தவர், தன்மேல் பட்ட வெளிச்சத்தில் கையில் உள்பாவாடையோடு அப்படியே நின்றார்.

“ஏனம்மா செலினா! நானு ஏனு கள்ளியா? லைட் போட்டுப் பிடிக்கிறீங்க?”

“திருடின்னு இல்ல ஆன்ட்டி, கப்பல்னு நினைச்சுப் போட்டேன்!”

கௌரம்மா தன் உருவத்தை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டு, அது பாராட்டா கேலியா என்று யோசித்தபடி கீழே இறங்கினார்.

நடுவர்கள் இருபத்தாறாம் தேதி வந்தார்கள். பெத்லகேமில் கடல் எங்கே என்று அவர்களும் கேட்டார்கள். மரியராஜ் தயாராக இருந்தார். “மேகம் மூடிட்டா என்ன பண்றதுங்கய்யா?” என்றார். நடுவர் ஒருவர் மற்றவரைப் பார்த்தார். அன்று மாலையே முதல் பரிசு வந்துவிட்டது. எவர்சில்வர் குடம். பொறித்த பக்கம் தெருவைப் பார்க்க, மரியராஜ் அதை ஜன்னல் திட்டிலேயே வைத்துவிட்டார். ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள்வரை குடிலைக் கலைக்கக்கூடாது என்றார். செலின் கெஞ்சி ஜனவரி ஒன்றாம் தேதி மாலைவரை என்று ஒப்புக்கொள்ள வைத்தாள். கண்ணாடி பழைய சாமான் கடையில் இரவல் வாங்கியது என்று அவரிடம் சொல்லியிருந்தாள்.

இப்போது அந்த மூன்று ராஜாக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர்கள் வீட்டில் ராஜாக்களை முதல் நாளே குடிலில் வைக்கிற வழக்கம் இல்லை. கிழக்கிலிருந்து நடந்து வருகிறவர்கள் எப்படி முதல் நாளே வந்து சேர முடியும்? இருபத்துநான்காம் தேதி சமையலறையில் உப்பு ஜாடிப் பக்கம் புறப்படுவார்கள். காலை ஜெபம் முடிந்ததும் அம்மா லூர்து மேரி அவர்களை நாளுக்கு ஒரு இடமாக நகர்த்துவார். இருபத்தைந்தில் ஃபிரிஜ் மேல், இருபத்தாறில் ரேடியோ மேல், இருபத்தேழில் டிவி மேல். பிறகு காகித மலை ஏறி, ஒரு வாரம் மெதுவாக இறங்கி, ஆறாம் தேதி கொட்டிலை அடைவார்கள். மூவரில் சாம்பிராணி கொண்டுவருகிற கஸ்பாருக்கு மூன்று வருஷத்துக்கு முன்பே தாடி உடைந்து, மரியராஜ் பஞ்சு ஒட்டியிருந்தார். மற்ற இருவரையும்விடக் கஸ்பார் பார்க்கக் கொஞ்சம் வசதியானவராகவே தெரிவார்.

இருபத்தெட்டாம் தேதி, சனிக்கிழமை, காலை எட்டு மணி. லூர்து மேரி மலையுச்சியில் மூவரையும் நிறுத்தினார். கஸ்பார் நடுவில், பல்புக்கு நேர்கீழே. கும்பிட்டுவிட்டுத் தோசைக்கல்லுக்குப் போனார். தோசை திருப்புகிற நேரம்தான் ஆகியிருக்கும். திரும்பி வந்து பார்த்தால், கஸ்பார் கையில் இருந்த சாம்பிராணிப் பேழைக்குப் பக்கத்திலிருந்து மெல்லிய நீலப் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

லூர்து மேரி தோசைக்கரண்டியாலேயே சிலுவை போட்டுக்கொண்டார்.

“செலின்! ராஜா நெஜமாவே சாம்பிராணி போடறாரு!”

செலின் ஒரு காலில் செருப்போடு ஓடி வந்தாள். சாம்பிராணி இப்படித் துணி பொசுங்குகிற வாசனை வராது. ஜன்னலில் பார்த்தாள். எதிர்வீட்டுத் தண்ணீர்த்தொட்டிக்கு மேலே சூரியன் அப்போதுதான் வந்திருந்தது. வெயில் முழுக்க அந்த ஒரு அடித் தகட்டில் விழுந்து, வட்டங்களால் வாரிச் சேர்க்கப்பட்டு, ஒரு மிளகளவுப் புள்ளியாகக் கஸ்பாரின் தாடியில் குத்தி நின்றது. இரவில் உள்ளேயிருந்து வெளியே போகிற வெளிச்சத்துக்கு என்ன பாதையோ, பகலில் வெளியேயிருந்து உள்ளே வருகிற வெயிலுக்கும் அதே பாதை.

தாடி ‘பக்’ என்று பற்றியது.

“பெங்கி! பெங்கி!” என்று எதிர்மாடியிலிருந்து கௌரம்மா கத்தினார். பெங்கி என்றால் நெருப்பு என்று தெரியாதவர்கள்கூட அந்தக் குரலில் கற்றுக்கொண்டிருப்பார்கள். லூர்து மேரி கைக்கு எட்டியதை எடுத்தார். அது வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த தீர்த்த பாட்டில். மூடி திறக்கவில்லை. ஷாரன் முதல் பரிசுக் குடத்தை எடுத்தாள். அதில் தண்ணீர் இல்லை. கடைசியில் செலின் தோசை மாவுக் கிண்ணத்தைக் கஸ்பார் தலையில் கவிழ்த்தாள். நெருப்பு அணைந்தது. கஸ்பாருக்கு வேறுமாதிரி வெள்ளைத் தாடி முளைத்தது.

செலின் முதலில் பார்த்தது தகட்டை. ஒரு கீறல் இல்லை, ஒரு புகைக்கறை இல்லை. பெருமூச்சு விட்டாள். பிறகு நாவலை எடுத்தாள். விளக்குக்காரரின் மனைவி உட்கார்ந்து ஜன்னல் திரை தைக்கிற பன்னிரண்டு பக்கங்கள் இருந்தன. வீட்டு வேலைதானே, நம் வீட்டில் இல்லாததா என்று அவள் தாண்டிப்போன பக்கங்கள். இப்போது பஸ்ஸை விட்டுவிட்டு, நின்றுகொண்டே படித்தாள். விடிந்ததும் கண்ணாடியைச் சுற்றித் திரை போடாவிட்டால், அந்த ஊமை வெயில்கூட விளக்கையே கொளுத்திவிடும் என்று அந்தப் பெண் தன் புதுப் பணியாளிடம் விளக்கமாகச் சொல்லியிருந்தாள். விடிவதற்குள் திரையை மூடாதது அந்த வேலையில் பெருங்குற்றமாம்.

“இத முன்னாடியே படிச்சிருந்தா ராஜாவுக்குத் தாடி மிஞ்சியிருக்கும்” என்றாள் ஷாரன்.

“திரை தைக்கிற இடத்துல கதை இருக்கும்னு யாரு கண்டா?” என்று முனகிவிட்டு, செலின் அம்மாவின் பழைய நீலப் புடவையில் ஒரு துண்டு கிழித்துத் தகட்டின்மேல் தொங்கவிட்டாள்.

தகட்டை மூடலாம். கௌரம்மாவை எதைக்கொண்டு மூடுவது? காலை பத்து மணிக்கு அவர் சொன்ன கதையில் ராஜாவின் தாடி தானாகப் பற்றியது. மதியம் பஜனை மண்டலியில் சொன்னபோது, ராஜா குழந்தையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டதும் பற்றியது. மாலையில் ராஜா கண் மூடித் திறந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பக்கத்துத் தெருக்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். செருப்புகளை யாரும் சொல்லாமலே வாசலில் கழற்றினார்கள். இரண்டு தேங்காய்களும் ஒரு முழம் மல்லிகையும் கஸ்பார் காலடியில் சேர்ந்தன. பங்குச் சாமியார் இதைப் பற்றிக் கேட்டுவிடுவாரோ என்று மரியராஜ் ஞாயிறு பூசையில் அவர் எதிரில் தலைகாட்டாமல் பாடகர் குழுப் பயிற்சிக்கு ஓடிவிட்டார்.

மாலை நான்கு மணிக்கு வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது.

செலின் ஜன்னல் வழியே பார்த்தாள். பார்த்த இடத்திலேயே குந்திவிட்டாள்.

“யாருடி?”

“முரளிதரன் சார்.”

சொர்ணலதாவும் கௌரம்மாவும் ஒரே பஜனை மண்டலி என்பது செலினுக்கு அப்போதுதான் தெரிந்தது.

முரளிதரன் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். “என்னம்மா செலின், உங்க வீடுன்னே தெரியாது பாருங்க! லதாதான் தாடி எரிஞ்ச ராஜாவப் பார்க்கணும்னு ஒரே பிடிவாதம்.”

“நானா? நீங்கதானே பஞ்சு எப்படித் தானா பத்தும், போய் டெஸ்ட் பண்ணணும்னீங்க” என்றார் சொர்ணலதா. அவர் கண் ஏற்கனவே நீலப் புடவைத் துண்டின்மேல் போயிருந்தது. “இதென்ன மூடி வெச்சிருக்கீங்க? உள்ள யாரு?”

“ஒண்ணுமில்ல மேடம்...” என்று செலின் சொல்லி முடிப்பதற்குள் சொர்ணலதா திரையை விலக்கிவிட்டார். தகடு சாயங்கால வெளிச்சத்தில் வட்டவட்டமாக மின்னியது.

முரளிதரன் குனிந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். எத்தனையோ வருஷம் அதன் வழியாகத் தன் எழுத்தை உலகுக்குக் காட்டியவர். ஆனால் மெஷினின் உள்பக்கத்தை அவர் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அவ்வளவு மரியாதை.

“அடடே! என்ன வேலைப்பாடு! எங்கம்மா கிடைச்சுது இது?”

“பிரான்ஸ்ல சார்.”

“பிரான்ஸா!”

“அதாவது, தொடக்கம் பிரான்ஸ்ல சார்” என்றாள் செலின். வாய் ஒருமுறை திறந்துவிட்டால் மூடக்கூடாது என்று அந்தக் கணத்தில் புரிந்துகொண்டாள். “அதுக்கும் முன்னாடி கோபுர உச்சியில விறகு எரிச்சாங்க. அப்புறம் நிலக்கரி. மழை வந்தா விளக்கும் அவுட், கப்பலும் அவுட்.”

“அப்படியா. சரி, இத நீங்க எந்தக் கடையில...”

“அப்புறம் எண்ணெய் விளக்கு வந்துச்சு சார்! பின்னாடி பளபளன்னு உலோகத் தட்டு வெச்சு வெளிச்சத்தைத் திருப்பினாங்க. ஆனா பாதி வெளிச்சத்த அந்தத் தட்டே சாப்பிட்டுடும்.”

“எங்க ஸ்டோர்ஸ்காரங்க மாதிரி” என்றார் முரளிதரன். உட்கார்ந்தும்விட்டார். அது செலினுக்கு நல்லதா கெட்டதா என்று ஷாரனுக்குத் தெரியவில்லை. அச்சுமுறுக்குத் தட்டை நீட்டினாள்.

“லென்ஸ் வெச்சும் பார்த்தாங்க சார். பெரிய விளக்குக்குப் பெரிய லென்ஸ் வேணும். பெருசாக்கினா நடுவுல தடிச்சுப் போகும். வெளிச்சம் உள்ளேயே மங்கிடும், தூக்கி மாட்டவும் ஆள் பத்தாது. அப்பதான் ஃப்ரெனெல்னு ஒரு இன்ஜினீயர் யோசிச்சாரு. வெளிச்சத்த வளைக்கிறது லென்ஸோட வளைஞ்ச மேல்பக்கம்தானே, உள்ள இருக்கிற சதையெல்லாம் எதுக்குன்னு.” செலின் தட்டிலிருந்து ஒரு அச்சுமுறுக்கை எடுத்து உயர்த்திப் பிடித்தாள். “தடியா இருந்த வடைய இந்த மாதிரி ஆக்கிட்டாரு சார். வளைவு மட்டும் வட்டம் வட்டமா நிக்கும், நடுவுல இருந்த கனம் எல்லாம் போச்சு. ஆயிரத்து எண்ணூத்து இருபத்துமூணுல முதல் விளக்கு எரிஞ்சுது.”

முரளிதரன் தன் கையில் இருந்த அச்சுமுறுக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாப்பிட மனம் வரவில்லை.

“அப்புறம்?” என்றார் சொர்ணலதா.

“அப்புறம் அந்த லென்ஸ் கூண்டையே பாதரசத் தொட்டியில மிதக்க விட்டாங்க மேடம். டன் கணக்குல கண்ணாடி, ஒரு விரலால தள்ளினா சுத்தும். பகல்ல திரை போடணும், இல்லாட்டி...” என்று கஸ்பாரைக் காட்டினாள். தாடையில் காய்ந்த தோசை மாவோடு கஸ்பார் இதற்குச் சாட்சி நின்றார்.

“ஓஹோ! அப்ப சாமி எரிக்கல, சயின்ஸ் எரிச்சிருக்கு” என்று முரளிதரன் தொடையைத் தட்டினார். “லதா, நான் என்ன சொன்னேன்? சரிம்மா, அந்தக் காலத்துல கண்ணாடி. இது பிளாஸ்டிக் மாதிரி இருக்கே?”

“இப்பல்லாம் பிளாஸ்டிக் தகட்டுல அச்சா அழுத்திடறாங்க சார். விலையும் குறைவு.”

“அப்ப கலங்கரை விளக்கம் தவிர வேற எதுலயாவது இருக்கும்ல? எதுல இருக்கு?”

செலின் வாய் முதல்முறையாக மூடியது. நூற்று எழுபது வருஷத்தைத் தாண்டி ஓடிவந்தவளுக்கு மேலே ஓட வருஷம் மிச்சமில்லை. அந்த நேரம் பார்த்து ஷாரன் கையிலிருந்த அச்சுமுறுக்குத் தட்டு தரையில் விழுந்து, நாற்காலிகளுக்கு அடியிலெல்லாம் வட்டங்கள் உருண்டன. எல்லோரும் குனிந்து பொறுக்கி முடித்தபோது கேள்வியும் எங்கோ உருண்டு போயிருந்தது.

முரளிதரன் எழுந்தார். முகம் மலர்ந்திருந்தது. “செலின், உண்மையச் சொல்றேன். உங்கள டைப் அடிக்கத்தான் தெரியும்னு நினைச்சேன். உங்க ஃபைல் என் மேசையிலதான் இருக்கு.”

“தெரியும் சார்.”

“ரெண்டாம் தேதி பெங்களூர்லேர்ந்து ஜி.எம். வர்றாரு. பத்து மணி வகுப்புல வந்து உட்கார்றாரு. நான் ஒரே மாதிரி பம்பு, வால்வுன்னு பேசறதுக்குப் பதிலா, முதல் பத்து நிமிஷம் நீங்க பேசுங்க. இதே கதை, இதே வடை, அச்சுமுறுக்கு எல்லாம். அவரு கேட்டு அசந்துட்டாருன்னா அங்கேயே, அதே மேசையில, உங்க ஆர்டர்ல என் கையெழுத்து. நான் பார்த்துக்கறேன்.”

லூர்து மேரி சமையலறை வாசலில் நின்று, கஸ்பாரைப் பார்த்துக் கைகூப்பினார். செலின் கண் கலங்கிவிட்டது. இரண்டாம் தேதி எட்டரைக்குத் தகடு உள்ளே போய்விடும். பத்து மணிக்கு வெறும் வாயாலேயே பேசிவிடலாம். எல்லாம் நல்லபடியாகவே முடியப்போகிறது.

முரளிதரன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்த்தார்.

“ஒண்ணே ஒண்ணும்மா. வாயால சொன்னா ஜி.எம். நம்ப மாட்டாரு. இந்தத் தகட்ட அன்னிக்கு ஜாக்கிரதையா எடுத்துட்டு வாங்க. நம்ம புரொஜெக்டர் மேல வெச்சு, விளக்கப் போட்டு, இந்த வட்டமெல்லாம் சுவத்துல பெருசா விழற மாதிரி ஒரு தடவ காட்டிடுங்களேன்?”